முகவை முகவர்

சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது.
உச்சிப்புளி ரயில்வே கேட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
கலரில் எடுக்கச் சொன்னேன்.
"கலர் இருபது ரூபாய்க்கா" என்றான் பையன்.
எடு என்றேன்.
பதினோரு வருடம் கருப்பு வெள்ளையில்தான் இருந்தேன்.

ஜெசிந்தா, த/பெ சவரிமுத்து,
புதுமடம் ரோடு, இராமநாதபுரம் மாவட்டம்.
பெயருக்குக் கீழே "முகவர்" என்று போட்டிருக்கிறது.
நேற்றுவரை தரகர்.
முதுகுக்குப் பின்னால் புரோக்கர்.
கோட்டைச்சாமிக்கு மட்டும் "ரெண்டு பர்சென்ட் அக்கா."
முகவைச் சீமையில் முகவரி விற்றுத் திரிந்தவளுக்கு
கடைசியில் ஒரு முகம்.

விண்ணப்பத்தில் பான் எண் கேட்டார்கள்,
வருமானக் கணக்கு கேட்டார்கள்,
அலுவலகத்தின் படம் கேட்டார்கள்.
என் அலுவலகம் ஸ்கூட்டி.
சீட்டைத் தூக்கினால் வில்லங்கச் சான்று நாலு,
மடிப்பு கிழிந்த புலப்படம்,
ஐம்பது மீட்டர் டேப்,
கருவேல முள் எடுக்க ஒரு ஊக்கு.
தம்பியின் வலைக் கிடங்கில் மேசை போட்டு
வலைகளை ஒரு பக்கம் ஒதுக்கி
படமெடுத்து அனுப்பினேன்.
பின்னால் தொங்கிய காலண்டரில் மாதம் தப்பு.
யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று கேட்டார்கள்:
உங்கள் மீது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா?
இல்லை என்று எழுதினேன்.
உண்மைதான்.
மெஹராஜ் பானு வழக்குப் போடவில்லை.

குவைத்தில் நர்ஸ்.
ஒன்பது வருடம் முன்னால்
வாட்ஸ்அப்பில் படம் பார்த்தே வாங்கினாள்,
ஆற்றங்கரைப் பக்கம் மனை எண் நாற்பத்தொன்று,
ஐந்தே கால் சென்ட்.
படம் நான் எடுத்தது.
சித்திரை மாதம், தண்ணீர் உள்வாங்கிக் கிடந்த மதியம்.
சர்வே கல்லுக்கு மஞ்சள் அடித்து
பக்கத்தில் ஒரு தென்னம்பிள்ளை ஊன்றி வைத்திருந்தோம்.
படம் எடுத்ததும் பிடுங்கிக்கொண்டு வந்தோம்.
ஐப்பசியில் எடுத்திருந்தால்
கல்லின் தலையில் நாரை நின்றிருக்கும்.

பொய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.
பக்கம்தான் என்றேன்.

நேற்று அவளிடமிருந்து குரல் பதிவு.
"லைசென்ஸ் வாங்கிட்டீங்களாமே, மாஷா அல்லாஹ்.
என் எடத்தையும் வித்துக் குடுங்க.
மவள காலேஜ்ல சேக்கணும்.
நீங்கன்னா நம்பிக்கை."
முப்பத்தெட்டு நொடி.
ஏழு தடவை கேட்டேன்.

கோட்டைச்சாமி டீயை ஊதிக்கொண்டே சொன்னான்,
"கோயம்புத்தூர்ப் பார்ட்டி ஒண்ணு, பீச் வியூ கேக்குது.
அவசரப்படாதீக. பங்குனியில காட்டிருவோம்."
பங்குனி நல்ல மாதம்.
கடல் அப்போது
நாற்காலியை விட்டு எழுந்துபோன வாட்ச்மேன்.

நான் கார்த்திகையிலேயே போனேன்.
டேப்பின் முனையை வேலியில் மாட்டிவிட்டு நடந்தேன்.
பதினெட்டு அடியில் செருப்பு நனைந்தது.
நாற்பதில் முழங்கால்.
ஐம்பத்தேழில் கல்.
மஞ்சள் இல்லை, காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.
போனைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு படம்.
என் நிழலும் விழுந்திருந்தது. வெட்டவில்லை.

விளம்பரத்தில் முதலில் பதிவு எண்ணைப் போட்டேன்,
ஒவ்வொரு இலக்கமாக, சரிபார்த்து.
பிறகு:

மனை 41. கிழக்கே கடல்.
மேற்கே இருபதடி ரோடு, மழைக்காலம் நீங்கலாக.
வடக்கே மனை 40, அதுவும் நான் விற்றது.
தெற்கே உப்பளத்து வாய்க்கால்.
இந்நான்கு மாலுக்குட்பட்ட ஐந்தே கால் சென்ட்டில்
வருடத்துக்கு நாலு மாதம் தண்ணீர்.

விலை என்ற இடத்தில்
கோடு மினுக்கிக்கொண்டே நிற்கிறது.
குவைத்தில் இப்போது அவளுக்கு நைட் டூட்டி தொடங்கும் நேரம்.
படத்தை முதலில் அவளுக்கு அனுப்புகிறேன்.

ஒற்றை டிக்.